பயம் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்: பதற்றமுள்ள பிள்ளையோடு வீட்டில் செய்யும் பயிற்சி

“அம்மா வந்துடுவாங்கல்ல?”

ஒரு மாலை என் மகள் இந்தக் கேள்வியை என்னிடம் 23 முறை கேட்டாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு கிழித்து எண்ணினேன், அதனால் கணக்கு சரியாகத் தெரியும். அவளுக்கு அப்போது 9 வயது. அவள் அம்மா வேலை முடிந்து வர 40 நிமிடம் தாமதம், அவ்வளவுதான் விஷயம். 23 முறையும் நான் “வந்துடுவாங்க கண்ணம்மா” என்றேன். ஒவ்வொரு முறையும் அவள் முகம் கொஞ்சம் தெளியும். ஒரு நிமிடம்கூட ஆகாது, மறுபடி சன்னல் பக்கம் போய் நிற்பாள்.

எண்ணச் சொன்னவர் எங்கள் ஆலோசகர். “ஒரு வாரத்துக்கு எதையும் மாற்ற வேண்டாம், எண்ண மட்டும் செய்யுங்கள்” என்றார். வாரம் முடிந்து அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நான் சொன்ன ஆறுதல் எதுவும் அவளுக்குள் தங்கவே இல்லை.

இதே நிலையில் இருக்கும் அப்பா அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. பிரிவுப் பதற்றம் இருந்த மகளோடு 12 வாரச் சிகிச்சையில் உட்கார்ந்தவன். அதற்குப் பிறகு இரண்டு வருடமாக வீட்டில் அந்தப் பயிற்சியை விடாமல் செய்துவருகிறவன். பயம் முழுதாகப் போனால்தான் பிள்ளைக்குத் தைரியம் வரும் என்று நாங்கள் ரொம்ப நாள் காத்திருந்தோம். அது தவறு. உள்ளே பயம் இருக்கும்போதே காரியத்தைச் செய்யப் பிள்ளைகளால் பழக முடியும். மூளையைப் படம் பிடித்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் கண்டதும் இதோடு ஒத்துப்போகிறது.

தலைக்குள் அடிக்கும் மணி

மூளையின் ஆழத்தில் இரண்டு பக்கமும் பாதாம்பருப்பு போல ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. பெயர் அமிக்டலா. கிரேக்க மொழியில் அதற்குப் பாதாம் என்றே பொருள். ஆபத்து மாதிரி ஏதாவது தென்பட்டால் சட்டென்று எழுந்து உடம்பு முழுக்கச் செய்தி அனுப்புவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இதயம் வேகமாக அடிக்கும். மூச்சு மேலோட்டமாகும். செரிமானத்துக்குப் போகவேண்டிய ரத்தம் கைகால் தசைகளுக்குத் திரும்பும். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் “வயிறு வலிக்குது” என்று சுருண்டு படுக்கும் குழந்தை நடிக்கவில்லை. வயிறு உண்மையிலேயே பிசைகிறது. ஒரு தடவை குழந்தை மருத்துவரிடம் காட்டி வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் அந்த வலியைப் பொய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி, “இது நிஜ ஆபத்தா, வெறும் சத்தமா?” என்று நிதானமாக எடைபோடும். அது முழுமையாக முதிர 25 வயது வாக்கில் ஆகும். 9 வயதுக் குழந்தையிடம் “கொஞ்சம் யோசிச்சுப் பாரேன்” என்று கேட்பது, இன்னும் கட்டி முடிக்காத வீட்டில் குடியேறச் சொல்வது மாதிரி.

என் மகளுக்கு இதைப் படம் வரைந்து சொன்னோம். அவள் அமிக்டலாவுக்கு ‘மணி’ என்று பெயர் வைத்தாள். தீ பிடித்தாலும் அடிக்கும், யாரோ ஊதுபத்தி கொளுத்தினாலும் அடிக்கும் மணி. அன்றிலிருந்து வீட்டில் யாரும் “பயப்படாதே” என்று சொல்வதில்லை. “மணி அடிக்குதா?” என்று கேட்கிறோம். பெயர் வைப்பதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். பயம் வேறு, தான் வேறு என்று குழந்தை முதல்முறையாகப் பார்ப்பது அப்போதுதான்.

2024 ஜனவரியில் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் செய்தது. பதற்றக் கோளாறு இருந்தும் மருந்து எதுவும் எடுத்துக்கொள்ளாத 69 பிள்ளைகளுக்கு 12 வாரம் சிபிடி என்கிற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது பயம் தரும் யோசனைகளைச் சோதித்து, பயப்படும் விஷயத்தைப் படிப்படியாகச் சந்திக்கப் பழக்கும் சிகிச்சை, கொடுத்தார்கள். சிகிச்சைக்கு முன்னும் பின்னும், மூளையில் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேன் நடக்கும்போது பிள்ளைகள் திரையில் முகங்களைப் பார்த்துக்கொண்டு ஒரு கவனப் பயிற்சி செய்தார்கள்.

சிகிச்சைக்கு முன் அவர்களுடைய மூளையில், கவனத்தையும் உணர்ச்சிக் கட்டுப்பாட்டையும் பார்த்துக்கொள்ளும் முன்மடல், பக்கமடல் பகுதிகள் அளவுக்கு மீறி வேலை செய்துகொண்டிருந்தன. இதைப் படித்தபோதுதான் என் மகள் மாலையானால் ஏன் அப்படிச் சோர்ந்து விழுந்தாள் என்பது எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. பயந்த பிள்ளையின் மூளை சும்மா இருப்பதே இல்லை. நாள் முழுக்கக் காவல் காக்கிறது. 12 வாரத்துக்குப் பிறகு பதற்றம் நன்றாகக் குறைந்திருந்தது. அந்த முன்மடல், பக்கமடல் பகுதிகளின் கூடுதல் உழைப்பும் பதற்றக் கோளாறு இல்லாத பிள்ளைகளின் அளவுக்கு வந்துவிட்டது.

ஆனால் வலது அமிக்டலா உட்பட எட்டு இடங்கள் சிகிச்சைக்குப் பிறகும் அதிகமாகவே துடித்துக்கொண்டிருந்தன. பிள்ளைகள் தேறிவிட்டார்கள், மணி மட்டும் இன்னும் கொஞ்சம் சத்தமாகவே அடிக்கிறது. சில பிள்ளைகளுக்கு இன்னும் நீண்ட நாள் சிகிச்சையோ வேறு வகைச் சிகிச்சையோ தேவைப்படலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வீட்டில் இருக்கிற எனக்கு அதிலிருந்து கிடைத்தது ஒன்று. 12 வாரம் முடிந்ததும் ‘சரியாகிவிட்டது’ என்று பயிற்சியை மூட்டை கட்டிவிடக் கூடாது.

இதைப் படித்துவிட்டு யாரும் பிள்ளையை ஸ்கேன் எடுக்க அழைத்துப் போக வேண்டாம். இவையெல்லாம் பல பிள்ளைகளின் சராசரியை ஒப்பிடும் ஆராய்ச்சிகள். ஒரு குழந்தைக்குப் பதற்றக் கோளாறு இருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்துச் சொல்ல முடியாது. அதைப் பேசியும் கவனித்தும்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்

எல்லாப் பிள்ளைக்கும் பயம் உண்டு. அது வாழ்க்கையைச் சுருக்கத் தொடங்கிவிட்டதா என்பதைப் பாருங்கள். பள்ளி, தூக்கம், நண்பர்கள், விளையாட்டு, இவற்றில் எதையாவது பயத்துக்காக விட்டுக்கொடுத்திருக்கிறாளா? பிரிவுப் பதற்றம் பிள்ளைகளிடம் 4 வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவர்கள் அதைக் கவனிக்கச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் பற்றிய பொதுவான கவலை என்றால் 6 மாதம். ஸ்கேர்டு என்கிற 41 கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது. பிள்ளைக்குத் தனியாக, பெற்றோருக்குத் தனியாகக் கொடுப்பார்கள். 25 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் பதற்றக் கோளாறு இருக்கலாம், விரிவாகப் பார்க்க வேண்டும் என்று பொருள். அந்த எண்ணை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்ட முடியாது.

பிள்ளை சாவைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியோ பேசினால், சாப்பாட்டை நிறுத்தினால், வரிசையில் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் போங்கள்.

பள்ளியில் யாராவது அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா என்பதையும் முதலிலேயே விசாரியுங்கள். மணி சரியான காரணத்துக்கு அடிக்கும்போது பிள்ளையை அதற்குப் பழக்கப்படுத்துவது அநியாயம். அங்கே மாற வேண்டியது பள்ளி.

யாரிடம் போவது

எங்களுக்கு இதில் ஐந்து மாதம் வீணானது. முதலில் பார்த்த இடத்தில் மகளோடு மட்டும் உட்கார்ந்து பேசினார்கள், படம் வரையச் சொன்னார்கள், கண்ணை மூடி மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தார்கள். அன்பாகத்தான் நடத்தினார்கள். அவளுக்கும் அங்கே போகப் பிடித்திருந்தது. ஆனால் ஐந்து மாதம் கழித்தும் அவள் குளியலறைக் கதவைத் திறந்து வைத்துத்தான் குளித்தாள், எங்கள் இருவருக்கும் நடுவில்தான் தூங்கினாள். எங்களை ஒருநாளும் உள்ளே கூப்பிடவில்லை. வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லவில்லை.

அதனால் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். பயப்படும் விஷயத்தைப் படிப்படியாக நேரில் சந்திக்க வைக்கும் பயிற்சி உண்டா? வாரா வாரம் வீட்டுப்பாடம் உண்டா? பெற்றோரையும் உட்கார வைத்துச் சொல்லித் தருவீர்களா? முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பீர்கள்? இந்த நான்குக்கும் தெளிவான பதில் சொல்பவரிடம் போங்கள். நாங்கள் இரண்டாவதாகப் போனவர் பதில் சொன்னதோடு நிற்கவில்லை. என்னைப் பார்த்து, “அவள் அழும்போது உங்கள் பயம் பத்துக்கு எத்தனை?” என்று கேட்டார். அதுவரை அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எட்டு என்றேன்.

ஆறுதலைக் குறைப்பது

முதல் வாரம் எண்ணினோம் என்று சொன்னேன் அல்லவா? இரண்டாவது வாரம் அந்தக் கோடுகளைக் குறைக்க ஆரம்பித்தோம்.

பயந்த பிள்ளைக்காக நாம் எத்தனையோ சின்னச் சின்ன ஏற்பாடுகளைச் செய்துவிடுகிறோம். கூடப் படுக்கிறோம், கதவைத் திறந்து வைக்கிறோம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் செய்கிறோம், கேட்ட கேள்விக்கே திரும்பத் திரும்பப் பதில் சொல்கிறோம். எல்லாம் அன்பினால் செய்வதுதான். ஆனால் ஒவ்வொன்றும் அந்த மணியிடம் “நீ அடித்தது சரிதான், நிஜமாகவே ஆபத்து இருந்தது, அதனால்தான் அப்பா ஓடி வந்தார்” என்று சொல்லிவிடுகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்பவர் ஸ்பேஸ் என்ற பெயரில், இந்த ஏற்பாடுகளைப் பெற்றோர் படிப்படியாகக் குறைப்பதையே சிகிச்சையாக்கினார். பிள்ளை ஒருநாள்கூட வர வேண்டாம், பெற்றோர் மட்டும் வந்தால் போதும். 124 பிள்ளைகளை வைத்து நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், இதன் பலன் பிள்ளைக்கு நேரடியாகக் கொடுக்கும் சிபிடி-க்குக் குறைவில்லை என்று தெரிந்தது. பிள்ளை சிகிச்சைக்கு வரவே மறுக்கும் வீடுகளில் இதை ஒரு பெரிய வாசலாகப் பார்க்கிறேன்.

எப்படிக் குறைப்பது? ஒரே ஒரு ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் பிள்ளைக்குக் கைவிட்ட மாதிரி இருக்கும். பயமில்லாத நேரம் பார்த்து முன்கூட்டியே சொல்லுங்கள். நான் ஒரு ஞாயிறு காலையில் சொன்னேன்: “கண்ணம்மா, அம்மா வருவாங்களான்னு நீ கேட்கும்போது நான் திரும்பத் திரும்பப் பதில் சொல்றேன். அது மணிக்குத்தான் உதவுது, உனக்கு உதவல. நாளையிலிருந்து ஒரு தடவை சொல்வேன். அதுக்கப்புறம் நீ கேட்டா, ‘மணி அடிக்குது, உன்னால சமாளிக்க முடியும், நான் பக்கத்துலதான் இருக்கேன்’னு மட்டும் சொல்வேன்.”

அந்த வாக்கியத்தில் இரண்டு பாதி இருக்க வேண்டும். உன் பயம் எனக்குப் புரிகிறது என்பது ஒன்று, உன்னால் தாங்க முடியும் என்பது இன்னொன்று. முதல் பாதியை விட்டால் கண்டிப்பு ஆகிவிடும். இரண்டாவதை விட்டால் பழைய ஆறுதலே திரும்பி வந்துவிடும்.

முதல் மூன்று நாள் மோசமாகத்தான் இருக்கும், தயாராக இருங்கள். திங்கட்கிழமை அவள் 31 முறை கேட்டாள். என் சட்டையைப் பிடித்து உலுக்கி, “ஒரே ஒரு தடவை சொல்லுப்பா, ஒரே ஒரு தடவை” என்று கத்தினாள். நான் அதே வாக்கியத்தை அதே குரலில் சொன்னேன். என் குரல் நடுங்கியது. புதன்கிழமை 19. அடுத்த திங்கள் 6. பழைய பதில் கிடைக்காதபோது கேள்வி முதலில் ஏறும், பிறகுதான் இறங்கும். ஏறும் இடத்தில் மனம் இளகிப் பதில் சொல்லிவிட்டால், இன்னும் சத்தமாகக் கேட்டால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வதும் முக்கியம். ஒருவர் விட்டுக்கொடுத்தால் மற்றவருடைய உழைப்பு முழுவதும் போய்விடும்.

ஏணி

சிகிச்சையின் உயிர் இதில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். 1924-இலேயே மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டால் நடுங்கிய பீட்டர் என்ற சின்னக் குழந்தையின் பயத்தை இந்த வழியில் போக்கியதைப் பதிவு செய்திருக்கிறார். குழந்தை பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயல் கூண்டை அறையின் தூரத்து மூலையில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டு வந்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான். நூறு வருடத்தில் நுணுக்கங்கள் மாறியிருக்கின்றன, அடிப்படை மாறவில்லை.

ஒரு தாளில் ஏணி வரையுங்கள். பிள்ளையையே வரையச் சொன்னால் இன்னும் நல்லது. ஒவ்வொரு படியிலும் அவள் பயப்படும் ஒரு சூழ்நிலையை எழுதி, பக்கத்தில் 0 முதல் 10 வரை பய எண் போட வேண்டும். எண்ணை நீங்கள் போடாதீர்கள். எனக்கு 2 என்று தோன்றியதற்கு அவள் 6 போட்டாள்.

எங்கள் ஏணியின் கீழ்ப்படி, குளியலறைக் கதவைப் பாதி சாத்திவிட்டுப் பல் துலக்குவது. அதற்கு அவள் போட்ட எண் 3. அடுத்து, கதவை முழுதாகச் சாத்திக் குளிப்பது, 4. நாங்கள் மாடியில் இருக்கும்போது அவள் கீழே 15 நிமிடம் தனியாகப் படிப்பது, 6. தன் கட்டிலில் படுத்துத் தூங்குவது, அப்பா கதவுக்கு வெளியே நாற்காலியில், 6. நாற்காலி இல்லாமல், 7. அம்மா எப்போது வருவார் என்று தெரியாமலேயே ஒரு மாலை இருப்பது, 8. உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்குவது, 10.

ஒரு படியை எப்படிச் செய்தோம் என்று விவரமாகச் சொல்கிறேன். கீழே தனியாக 15 நிமிடம். தொடங்கும் முன் ஒரு நோட்டில் அவள் எழுதினாள்: “நான் கூப்பிட்டா அப்பாவுக்குக் கேட்காது. எனக்கு மூச்சு நின்னுடும்.” நடக்கும் என்று மணி சொல்வதை அப்படியே எழுத வைக்க வேண்டும். நாம் திருத்தக் கூடாது. பிறகு பய எண்: 7. மேசையில் கடிகாரம் வைத்தேன். மாடிக்குப் போனேன். மூன்றாவது நிமிடம் “அப்பா!” என்றாள். “மணி அடிக்குது, உன்னால முடியும்” என்றேன், இறங்கவில்லை. ஏழாவது நிமிடம் அழுகைச் சத்தம் கேட்டது. படிக்கட்டின் முதல் படியில் கால் வைத்து நின்றேன். என் எண் 9 இருக்கும். பத்தாவது நிமிடம் சத்தம் நின்றது. பதினைந்தில் நான் இறங்கிவந்தபோது அவள் நோட்டில் பூனை வரைந்துகொண்டிருந்தாள். கன்னத்தில் ஈரம் காயவில்லை. “இப்ப எத்தனை?” “நாலு.” “மூச்சு நின்னுச்சா?” கொஞ்ச நேரம் யோசித்து, “வேகமா வந்துச்சு, ஆனா நிக்கல” என்றாள். அதையும் நோட்டில் அவளே எழுதினாள்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவும். மணி சொன்னதற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியை அவளே தன் கையால் எழுதுகிறாள். பயத்தின் பழைய நினைவு இதனால் அழிவதில்லை. அதன் பக்கத்தில் ‘இது ஆபத்தில்லை’ என்ற புதிய நினைவு உண்டாகி, முன்மூளையின் துணையோடு பழையதை அடக்கிவைக்கிறது. புதிய நினைவு பலப்பட வேண்டுமானால் பல தடவை, பல இடங்களில் செய்ய வேண்டும். ஒரே படியைப் படிக்கும் அறையிலும் செய்யுங்கள், படுக்கையறையிலும் செய்யுங்கள், பகலில் செய்ததை இரவிலும் செய்யுங்கள். எண் குறையாமல் போனாலும் தோல்வி கிடையாது. ஏழில் தொடங்கி ஏழிலேயே முடித்தாலும், அந்தப் 15 நிமிடம் அங்கே இருந்தாளே, அது போதும்.

பயம் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் பாதியில் நிறுத்தி அழைத்துக்கொண்டு வராதீர்கள். தப்பித்ததால்தான் பிழைத்தேன் என்று மூளை பதிவு செய்துகொள்ளும். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் “இன்னும் ஒரு நிமிடம்” என்று சொல்லி, அந்த ஒரு நிமிடத்தைச் செய்துவிட்டு நிறுத்துங்கள்.

இதில் நான் செய்த பெரிய தவறு ஒன்று உண்டு. ஐந்தாவது வாரம் எல்லாம் நன்றாகப் போகிறது என்ற வேகத்தில் நடுப்படிகளைத் தாண்டிவிட்டேன். அம்மா வெளியே போயிருந்தபோது, மகளிடம் முன்னால் சொல்லாமலேயே, “இன்னைக்கு அம்மாவுக்கு ரெண்டு மணி நேரம் போன் கிடையாது” என்று அறிவித்தேன். அவள் வாந்தி எடுத்தாள். அதற்கப்புறம் ஒரு வாரம் எந்தப் படிக்கும் வர மறுத்தாள். பயிற்சி தப்பு என்று அப்போது எனக்குத் தோன்றியது. ஆலோசகர் ஏணித் தாளை விரித்து, நான் தாண்டிய இடத்தைக் காட்டினார். பிள்ளைக்குத் தெரியாமல், பிள்ளை சம்மதிக்காமல் செய்யும் எதுவும் பயிற்சி ஆகாது என்றார். நான் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த ஒரு படியை நான்காக உடைத்தோம்: போன் இல்லாமல் 10 நிமிடம், 20, 45, அப்புறம் ஒரு மணி நேரம். ஒன்பதாவது வாரம் அந்தப் படி முடிந்தது.

பாராட்டும்போது முயற்சியைச் சொல்லிப் பாராட்டுங்கள். “நீ அழல, சமத்து” என்று சொல்லிவிட்டால் அடுத்த தடவை அழுகை வரும்போது தோற்றுவிட்டதாக நினைப்பாள். “அழுதுகிட்டே உட்கார்ந்திருந்தியே, அதுதான் பெரிசு” என்று சொல்லலாம். சின்னப் பரிசும் தாராளமாகக் கொடுக்கலாம். என் மகள் கேட்டது, அன்றிரவு கதை சொல்ல இன்னும் பத்து நிமிடம்.

மூச்சும் யோசனையும்

மெதுவாக மூச்சை வெளியே விடுவது உடம்புக்கு நல்லது, கற்றுக்கொடுங்கள். ஆனால் ஏணியில் நிற்கும்போது பயத்தை விரட்டும் மந்திரமாக அதைப் பயன்படுத்த விடாதீர்கள். மூச்சுப் பயிற்சியால்தான் தப்பித்தோம் என்று பிள்ளை நம்பிவிட்டால், அது இல்லாத இடத்தில் நிற்க முடியாது. யோசனையைச் சோதிப்பதற்கு எங்களுக்கு உதவியது ஒரே கேள்வி: “மணி இதுவரை இப்படிச் சொன்ன எத்தனை தடவை நிஜமாச்சு?” நோட்டைப் புரட்டினால் பதில் அதிலேயே இருக்கும். அதனால் நோட்டைத் தொலைக்க வேண்டாம்.

மருந்து

மருந்து என்றதும் பதறுகிற பெற்றோர் நிறைய. நானும் அப்படித்தான் இருந்தேன். 2008-இல் வெளியான கேம்ஸ் என்ற பெரிய ஆய்வைப் படித்த பிறகு நிதானம் வந்தது. 7 முதல் 17 வயது வரையுள்ள 488 பிள்ளைகள், 12 வாரம். சிபிடி மட்டும் பெற்றவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். செர்ட்ரலின் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 55. இரண்டும் சேர்ந்து கிடைத்தவர்களில் 81. மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 24. என் மகளுக்கு மருந்து தேவைப்படவில்லை. பதற்றம் கடுமையாக இருந்து ஏணியின் முதல் படியிலேயே கால் வைக்க முடியாத பிள்ளைக்கு, மருந்து அந்தக் காலை எடுத்து வைக்க உதவலாம். இந்த வகை மருந்துகள் சில இளம் வயதினருக்குத் தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் எச்சரித்தது. அதனால் மனநல மருத்துவரின் கண்காணிப்பில்தான் கொடுக்க வேண்டும், முதல் சில வாரங்கள் பிள்ளையை நெருக்கமாகக் கவனிக்க வேண்டும், நீங்களாக நிறுத்தவும் கூடாது.

12 வாரத்துக்குப் பிறகு

கேம்ஸ் பிள்ளைகள் சிலரைச் சுமார் 6 வருடம் கழித்து மறுபடி பார்த்தார்கள். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களே பதற்றக் கோளாறு இல்லாமல் இருந்தார்கள். படித்தபோது மனசு கனத்தது. ஆனால் இது முன்பே தெரிந்திருப்பது நல்லது. இல்லாவிட்டால் பயம் திரும்பி வரும் நாளில் பிள்ளையும் நாமும் ‘எல்லாம் போச்சு’ என்று இடிந்துபோவோம்.

எங்கள் வீட்டில் அது ஒரு நீண்ட விடுமுறைக்குப் பிறகு வந்தது. பள்ளி திறந்த முதல் நாள் காலையில் வயிற்றுவலி. அன்று மாலை பழைய கேள்வி, 11 தடவை. புதிதாக எதையும் தேடவில்லை. அலமாரியிலிருந்து ஏணித் தாளை எடுத்தோம், அவள் கடைசியாக ஏறிய படியிலிருந்து இரண்டு படி கீழே இறங்கி அங்கிருந்து தொடங்கினோம். முதல் தடவை பல வாரம் பிடித்த படிகளை இந்தத் தடவை ஒன்பது நாளில் ஏறிவிட்டாள். நீண்ட விடுமுறை, காய்ச்சல், வீடு மாறுவது, வீட்டில் ஒரு சாவு, இவற்றுக்குப் பிறகு பயம் திரும்பும் என்று எதிர்பார்த்தே இருங்கள். தாளைக் கிழித்துப் போடாதீர்கள்.

வாரத்தில் ஒருநாள், எங்களுக்கு அது ஞாயிறு, மணி கொஞ்சமாவது அடிக்கிற ஒரு காரியத்தை வீட்டில் எல்லோரும் செய்கிறோம். 3, 4 எண்ணுள்ளது போதும். மகள் தெரியாத ஒருவரிடம் வழி கேட்கிறாள். அவள் அம்மா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த ஒரு போன் பேசுகிறாள். நானும் ஒன்று செய்தாக வேண்டும். செய்வதற்கு முன் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது மகள் போட்ட விதி.

போன மாதம் அவள் வகுப்பு ஓர் இரவு தங்கும் சுற்றுலா போனது. ஏணியில் பத்து போட்டிருந்த படிக்கும் மேலே இருக்கிற படி அது. பேருந்தில் ஏறி சன்னலோரம் உட்கார்ந்தவள், கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு கையில் ஐந்து விரலும் இன்னொரு கையில் இரண்டு விரலும் காட்டினாள். நான் கீழே நின்று எட்டு காட்டினேன். வண்டி கிளம்பியது.